திரை அமைப்பை மாற்றியதும் முடங்கும் கணினி: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வது எப்படி

புதிய மானிட்டரை இணைத்த அன்றோ, விளையாட்டு ஒன்றுக்காக ரெசல்யூஷனையும் (திரையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) ரெஃப்ரெஷ் ரேட்டையும் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) உயர்த்திய அன்றோ, வெளிச்சத்தையும் நிறத்தையும் செழுமையாகக் காட்டும் எச்டிஆர் வசதியை இயக்கிப் பார்த்த அன்றோ, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினி திடீரென்று இருண்டுபோவதும், உறைந்து நிற்பதும், நீலத்திரை காட்டித் தானாக மறுதொடக்கம் ஆவதும் பலரும் சந்திக்கும் தொல்லை. கடைக்குக் கொண்டுபோனால் 'ஃபார்மட் போட்டுவிடலாம்' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது அவசர முடிவு. ஃபார்மட் செய்யும்போது கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும் பதிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. புதிதாக நிறுவப்படும் விண்டோஸும் அதே மானிட்டருக்கு, அதே கேபிள் வழியாக, அதே டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கொண்டுதான் படத்தை அனுப்பப்போகிறது என்பதால் சில நாளில் அதே தொல்லை மீண்டும் தலைகாட்டும். கணினி எந்த விதத்தில் முடங்கியது என்பதை முதலில் பிரித்தறிந்து, அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பதே பலன் தரும் வழி. இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கானவை. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு பத்தி பின்னால் வருகிறது.

கணினி நின்றதா, திரை மட்டும் இருண்டதா?

திரை கறுத்தவுடன் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கவே கை போகும். அரை நிமிடம் பொறுத்து, விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா, ஓடிக்கொண்டிருந்த வீடியோவின் ஒலி தொடர்ந்து கேட்கிறதா, மானிட்டரில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'நோ சிக்னல்' போன்ற வாசகம் தெரிகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்து, ஒலியும் கேட்டால் கணினி நலமாக இருக்கிறது. மானிட்டரால் ஏற்க முடியாத சிக்னலை அது அனுப்பிக்கொண்டிருக்கிறது, அல்லது சிக்னல் வழியில் அறுபடுகிறது. இந்த நிலையில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளோடு 'பி' (B) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். ஒரு சிறு 'பீப்' ஒலி கேட்டு, திரை ஒருமுறை மின்னும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு இதனால் பாதிப்பில்லை. இதை அறியாமல் பவரை நிறுத்தி, சேமிக்காத வேலையை இழந்தவர்கள் ஏராளம்.

முடங்கும் விதங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். திரை மட்டும் இருண்டு கணினி உயிரோடு இருந்தால் அமைப்பையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். படம் இரண்டு மூன்று விநாடி உறைந்து, கறுத்து, பிறகு தானே திரும்பினால் டிரைவர் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கக்கூடும். நீலத்திரை (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கறுப்பு நிறம்) வந்தால் அந்த டிரைவரால் மீள முடியாமல் போயிருக்கலாம். நீலத்திரையே இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று கணினி அணைந்தாலோ மறுதொடக்கம் ஆனாலோ மின்சாரப் பகுதியும் வெப்பமும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. திரை அமைப்பு அங்கே சுமையைக் கூட்டிய துணைக்காரணமாக மட்டுமே இருக்கும்.

படத்தை மீட்பது

ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ மாற்றியதும் 'இந்த அமைப்பை வைத்துக்கொள்ளலாமா' என்று விண்டோஸ் கேட்டு 15 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். எனவே மாற்றிய கணமே திரை இருண்டால் எந்த விசையையும் தொடாமல் இருப்பதே சரி. இரண்டு திரைகள் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: அணைத்து வைத்திருக்கும் டிவியைக் கணினி முதன்மைத் திரையாக எடுத்துக்கொண்டு, சாளரங்களையெல்லாம் அங்கே திறந்துகொண்டிருக்கும். இரண்டாவது கேபிளைக் கழற்றினாலே படம் திரும்பிவிடும்.

அப்படியும் வராவிட்டால் வேறு ஒரு மானிட்டரையோ டிவியையோ மட்டும் இணைத்துப் பாருங்கள். எந்தெந்தத் திரைகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தச் சேர்க்கைக்கென்று தனியாக ஓர் அமைப்பை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் தெரியாத புதிய திரைக்குப் பழைய தவறான அமைப்பு பெரும்பாலும் போய்ச் சேராது, படம் வந்துவிடும்.

எதுவும் உதவாதபோது மீட்புத் திரை வழியாகச் செல்ல வேண்டும். நுழைவுத் திரை தெரிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுக்கலாம். அதுவும் தெரியாவிட்டால், விண்டோஸ் தொடங்கும் வேளையில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை மீட்புத் திரை தானே திறக்கும். அங்கே 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று சென்று மறுதொடக்கம் செய்தால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும். மடிக்கணினிகள் பலவற்றில் வட்டிலுள்ள தகவலைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருப்பதால் மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைபேசியில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் 3 என்ற எண் குறைந்த ரெசல்யூஷனில் தொடங்குவதற்கும், 4 என்ற எண் சேஃப் மோடில் தொடங்குவதற்கும் உரியவை. பலரும் நேராக 4-ஐ அழுத்திவிடுகிறார்கள். முதலில் 3-ஐ முயல்வது நல்லது என்பேன். 3-ஐத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் நிறுவியிருக்கும் அதே கிராஃபிக்ஸ் டிரைவர்தான் ஏறும், ஆனால் ரெசல்யூஷனும் ரெஃப்ரெஷ் ரேட்டும் மட்டும் குறைவாக இருக்கும். சேஃப் மோடிலோ அந்த டிரைவரே ஏறாது. மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர்தான் படத்தைக் காட்டும். ஆகவே 3-இல் கணினி ஒழுங்காக ஓடினால் குற்றவாளி நீங்கள் மாற்றிய அமைப்பு. 3-இல் முடங்கி 4-இல் ஓடினால் டிரைவர். 4-இலும் கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டு, கேபிள், மானிட்டர் ஆகியவற்றில் ஒன்று. எந்தக் கருவியையும் வாங்காமல் கிடைக்கும் இந்த வேறுபாடு, பின்னால் செய்யவிருக்கும் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

கணினி விட்டுச்சென்ற தடயம்

படம் திரும்பியதும் அமைப்புகளில் கைவைப்பதற்கு முன் 'ஈவென்ட் வியூவர்' என்ற நிரலைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழுள்ள 'சிஸ்டம்' பதிவில் கணினி முடங்கிய நேரத்துக்குச் செல்லுங்கள். அங்கே தேட வேண்டிய முதல் எண் 4101. டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று, பிறகு மீண்டது என்பதே அந்தப் பதிவின் செய்தி. அதில் டிரைவரின் பெயரும் இருக்கும்: 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஏஎம்டி' அல்லது 'ஏடிஐ' என்று தொடங்கினால் ஏஎம்டி, 'ஐஜி' என்று தொடங்கினால் இன்டெல். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் கொண்ட மடிக்கணினியில் எது விழுந்தது என்பதை இந்தப் பெயர்தான் காட்டிக்கொடுக்கும்.

இதன் பின்னணியைப் புரிந்துகொள்வது பயன்படும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிடிஆர் என்ற காவல் முறை இயங்குதளத்தில் இருந்துவருகிறது. கிராஃபிக்ஸ் சில்லுக்குக் கொடுத்த வேலை 2 விநாடிக்குள் முடியாமலும், அதை இடைநிறுத்த முடியாமலும் போனால் சில்லு உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் அதை மீட்டமைக்கிறது. மீட்க முடியாமல் போனாலோ, ஒரே நிமிடத்துக்குள் இது பலமுறை நேர்ந்தாலோ நீலத்திரையில் 'வீடியோ டிடிஆர்' என்று தொடங்கும் பிழைச்செய்தியுடன் கணினி நின்றுவிடும். இந்த 2 விநாடியை, விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 8 அல்லது 10 ஆக உயர்த்தச் சொல்லும் அறிவுரை இணையமெங்கும் கிடைக்கிறது. நீண்ட கணக்கீடுகளையும் ரெண்டரிங் வேலையையும் கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டுவோருக்கு அதில் பொருள் உண்டு. விளையாட்டின் நடுவே உறையும் கணினிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. 2 விநாடி உறைந்தது 10 விநாடி உறையும், அவ்வளவே.

அடுத்து, 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு சிவப்புக் குறியிட்ட பதிவைக் காண்பீர்கள். பெயரில் பவர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பழுது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கிவிடுவோர் உண்டு. முந்தைய முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பதிவின் 'டீடெயில்ஸ்' பகுதியைத் திறந்தால் 'பக்செக்கோட்' என்ற வரியில் ஓர் எண் இருக்கும். நீலத்திரையில் பதினாறடிமான முறையில் 116 என்று காட்டப்படும் டிடிஆர் பிழை இங்கே பதின்ம முறையில் 278 என்று எழுதப்பட்டிருக்கும். 278 இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் மீளாமல் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் 0 இருந்தால் நீலத்திரையே எழவில்லை. மின்சாரம் அறுந்தது, அல்லது பிழையை எழுதி வைக்கக்கூட வாய்ப்பில்லாமல் கணினி உறைந்தது, அல்லது நீங்களே பொத்தானை அழுத்தி நிறுத்தினீர்கள்.

'ரிலயபிலிட்டி மானிட்டர்' என்ற மற்றொரு நிரல் ஒவ்வொரு நாளும் நிறுவப்பட்டவற்றையும் பழுதானவற்றையும் தேதிவாரியாகக் காட்டும். முடங்கத் தொடங்கிய நாளுக்கு முன் தினம் கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தால், நீங்கள் மாற்றிய அமைப்பின் மீது பழிபோடுவதற்கு முன் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது

'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்பிளே' என்று சென்று ரெசல்யூஷனை மானிட்டருக்கு உரிய அளவிலும், 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸிலும் வையுங்கள். எச்டிஆரை நிறுத்துங்கள், இதற்கு விண்டோஸ், ஆல்ட், பி (B) என்ற மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தும் குறுக்குவழியும் உண்டு. இந்த நிலையில் ஓரிரு நாள் வழக்கம்போல் பயன்படுத்திவிட்டு, முடங்கவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் திரும்ப உயர்த்திக்கொண்டே வரலாம். இரண்டை ஒன்றாக உயர்த்தினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

இங்கே கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் 'கிராஷ்' என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி கேபிளில்தான் தொடங்குகிறது. 4கே திரையில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் வீதம் விநாடிக்கு 60 முறை அனுப்பினால் ஏறக்குறைய 12 ஜிகாபிட் ஆகிறது. படத்துக்கு இடையே விடப்படும் இடைவெளியும் குறியீட்டு முறைக்கான கூடுதல் பிட்டுகளும் சேரும்போது எச்டிஎம்ஐ வழியில் அது 17.8 ஜிகாபிட்டைத் தொட்டுவிடுகிறது. எச்டிஎம்ஐ 1.4-இன் கொள்ளளவு 10.2 ஜிகாபிட் மட்டுமே, எனவே அதில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் போகும். எச்டிஎம்ஐ 2.0-இன் கொள்ளளவு 18 ஜிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது மயிரிழையில் போதுமானது. எச்டிஆருக்காக நிறத்துக்கு 10 பிட் என்று உயர்த்தினால் முழு நிறத் தகவலும் அதற்குள் அடங்காது. டிரைவர் நிறத் தகவலைக் குறைத்து அனுப்ப வேண்டியிருக்கும். இப்படி விளிம்பில் ஓடும் இணைப்பில், செட்-டாப் பாக்ஸோடு வந்த பழைய கேபிளோ மிக நீளமான கேபிளோ இருந்தால் சிக்னல் அவ்வப்போது அறுந்து, திரை இரண்டு விநாடி கறுத்துத் திரும்பும். பார்ப்பவர் கண்ணுக்கு அது டிரைவர் விழுந்ததுபோலவே இருக்கும். ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்தில் 4101 இல்லாவிட்டால் டிரைவரை விட்டுவிட்டுக் கேபிளை மாற்றுங்கள், அல்லது டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

கேபிளுக்கு அடுத்தபடியாக எனக்குச் சந்தேகம் எழுவது, வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் ஓடும் இரண்டு மானிட்டர்களின் மீது. ஒன்றில் 144 ஹெர்ட்ஸில் விளையாட்டும், மற்றொன்றில் 60 ஹெர்ட்ஸில் யூடியூப் வீடியோவும் ஓடும்போது மட்டும் திரை மின்னுவதும் உறைவதும் நேர்ந்தால், சோதனைக்காக இரண்டையும் 60-க்கோ 120-க்கோ கொண்டுவந்து பாருங்கள். வீடியோவையும் சாளரங்களையும் தனித்தனி அடுக்குகளாகக் கார்டிடம் ஒப்படைக்கும் எம்பிஓ என்ற வசதி இத்தகைய மின்னலுக்குக் காரணமாவதுண்டு. அதை ரெஜிஸ்ட்ரி வழியாக நிறுத்தலாம் என்றாலும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்காமல் அதில் இறங்க வேண்டாம்.

ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் போன்ற மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வசதிகளையும், 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு வந்த 'ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்' வசதியையும் அடுத்து நிறுத்திப் பார்க்கலாம். இரண்டாவதற்கு மறுதொடக்கம் தேவை; பொத்தானை மாற்றிவிட்டு அப்படியே சோதித்தால் எதையும் சோதித்ததாகாது. பிரவுசர் மட்டும் முடங்கினால் இவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை. குரோமிலும் எட்ஜிலும் 'சிஸ்டம்' பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்தி, பிரவுசரை மூடித் திறந்தால் போதும். இரட்டைச் சில்லு மடிக்கணினியில் ஒரே ஒரு மென்பொருள் மட்டும் தொல்லை தந்தால், டிஸ்பிளே பகுதிக்குள் இருக்கும் 'கிராஃபிக்ஸ்' பட்டியலில் அந்த மென்பொருளுக்கு மட்டும் எந்தச் சில்லைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கலாம்.

விளையாட்டுக்குள் அமைப்பை மாற்றியதால் அந்த விளையாட்டே திறக்காமல் போயிருந்தால், அதன் அமைப்புக் கோப்பு பெரும்பாலும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையிலோ மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' கோப்புறையிலோ இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்தால், விளையாட்டு புதிய கோப்பை உருவாக்கி இயல்பான அமைப்போடு திறக்கும். திறந்ததும் ஃப்ரேம் ரேட்டுக்கு (விநாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) ஓர் உச்சவரம்பு வையுங்கள். வரம்பில்லாதபோது வெறும் மெனு திரைக்காகக்கூட விநாடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து கார்டு வீணாகக் கொதிக்கும்.

ஓவர்க்ளாக் (சில்லை வழக்கமான வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவது) செய்திருந்தால் அதை முதலில் நீக்குங்கள். 'இத்தனை மாதம் ஓடியதே' என்பது வாதமாகாது. புதிய டிரைவரோ கனமான புதிய விளையாட்டோ வந்ததும் அதுவரை தாங்கிய வேகம் தாங்காமல் போகலாம். மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி விற்கப்படும் கார்டுகளும் உண்டு. என்விடியா கன்ட்ரோல் பேனலின் 'ஹெல்ப்' பட்டியலில் உள்ள 'டிபக் மோட்' அந்தக் கூடுதல் வேகத்தை நீக்கி அடிப்படை வேகத்தில் ஓடவிடும்.

டிரைவர்

அமைப்புகளையெல்லாம் தாழ்த்திய பிறகும் 4101 தொடர்ந்தால்தான் டிரைவரில் கைவைக்க வேண்டும். அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் 'டிவைஸ் மேனேஜர்' வழியே 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திரும்புவதே எளிது. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு கணினியில் இல்லை என்று பொருள். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு டிரைவர் மேல் இன்னொன்றை ஏற்றிக்கொண்டே போவதைவிட, 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச நிரலைச் சேஃப் மோடில் ஓட்டிப் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டு நிறுவுவது மேல். அந்த நேரத்தில் இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு தன்னிடமுள்ள பதிப்பை ஏற்றிவிடும். மடிக்கணினிக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் தரும் டிரைவரை முதலில் முயல வேண்டும், அது சற்றுப் பழையதாக இருந்தாலும்.

லினக்ஸில் திரை வராமல் போனால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'ஈ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 கொடுத்தால் அந்த ஒருமுறைக்கு அடிப்படைக் காட்சி கிடைக்கும். க்னோம் மேசைத்தளத்தில் ரெசல்யூஷனை மாற்றியதால் வந்த வினை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று, உங்கள் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' கோப்புறையிலுள்ள 'மானிட்டர்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி நுழையுங்கள்.

அமைப்பால் வராத கோளாறு

விண்டோஸ் ஏறும் முன்பே, பயாஸ் திரையிலேயே வண்ணப் புள்ளிகளும் கட்டங்களும் தெரிந்தால் மென்பொருளில் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். வெப்பத்தை அறிய 'டாஸ்க் மேனேஜர்' நிரலின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியே போதும்; தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் வெப்பநிலை அங்கே தெரியும். கோடை மதியத்தில் மட்டும் அணைந்து, இரவில் ஒழுங்காக ஓடும் கணினிக்கு டிரைவர் தேடி அலைவதைவிடத் தூசியைத் துடைத்து விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது நல்லது. கார்டுக்குச் செல்லும் மின் இணைப்பிகள் முழுமையாக உள்ளே பதிந்திருக்கின்றனவா என்பதையும் கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு பாருங்கள். சுமைதான் காரணமா என்று உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு: ரெசல்யூஷனையும் மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு, விளையாட்டின் ஃப்ரேம் ரேட்டை மட்டும் 30-க்குக் கட்டுப்படுத்துங்கள். அதில் அணையாமல் ஓடி, கட்டுப்பாட்டை எடுத்ததும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், குளிரூட்டல், கார்டு என்ற வரிசையில் சோதிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. கொண்டுபோகும் முன் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவை ஒரு கோப்பாகச் சேமித்துப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும், நீலத்திரையின்போது எழுதப்படும் பதிவுகள் கொண்ட 'மினிடம்ப்' கோப்புறையையும் நகலெடுங்கள். எந்தெந்த அமைப்பில் முடங்கியது, எதில் முடங்கவில்லை, பயன்படுத்திய கேபிளும் போர்ட்டும் எவை, டிரைவரின் பதிப்பு எண் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் பயன்படுத்தும் அதே கேபிளையும், முடிந்தால் மானிட்டரையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். கடையில் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இணைத்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று திருப்பிக் கொடுக்கப்படுவதை அதுதான் தடுக்கும்.